ஈரம் போகட்டும், மணம் சேரட்டும்

எண்ணெயில் மணம் ஏற்றத் தொடங்கும் இளையவர்களுக்குச் சில அறிவுரைகள்

திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் உள்ள தமிழ் வீடுகளில் எண்ணெய் காய்ச்சுவது பழைய வழக்கம். கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் சேர்த்துத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக் காய்ச்சிப் பரணியில் ஊற்றி வைப்போம். மலையாளத்து அண்டை வீட்டிலும் அதே வாசனை வரும். இப்போது பேரப்பிள்ளைகள் வேறொன்று கேட்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் ஆரஞ்சுத் தோலும் மணமுள்ள இலைகளும் போட்டு, சாலட்டுக்கும் ரொட்டிக்கும் தொட்டுக்கொள்ள ஒரு மண எண்ணெய் வீட்டிலேயே செய்ய வேண்டுமாம்.

நல்ல ஆசை, மக்களே. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் குப்பிக்குள் இலையும் தோலும் மிதக்கும் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள். எண்ணெய்க்குள் மணத்தை இறக்குவது எளிது. ஈரத்தை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலை இருக்கிறது. தைலம் காய்ச்சும் வைத்தியர்கள் காலங்காலமாகக் கைக்கொண்டு வரும் விதி இது. ஆலிவ் எண்ணெய்க்கும் இதே விதிதான். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றை மனத்தில் வைத்துத்தான்.

1. அவியலில் தொடங்குங்கள்

மண எண்ணெய் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அவியலை இறக்கியதும் என்ன செய்கிறோம்? ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, பச்சைத் தேங்காயெண்ணெயை மேலே சுற்றி ஊற்றி, உடனே மூடி வைக்கிறோம். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் வாசனை கூடம்வரை வரும். ஓலனுக்கும் இதே கைவேலைதான். அடுப்பின் சூடு இலையின் மணத்தை எழுப்புகிறது. எண்ணெய் அதைப் பிடித்துக்கொள்கிறது. மூடி அதைத் தப்பவிடாமல் காக்கிறது. வேகவைத்த கப்பைக் கிழங்குக்குக் காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் சதைத்து, தேங்காயெண்ணெய் ஊற்றிக் குழைக்கும் சம்மந்தியும் இந்த வகையே.

இவற்றிலெல்லாம் பச்சை இலையும் பச்சை மிளகாயும் ஈரத்தோடுதான் சேர்கின்றன. ஆனால் அன்றே தின்று தீர்த்துவிடுகிறோம். அதனால் பயமில்லை. எண்ணெயைக் குப்பியில் அடைத்து நாள்கணக்கில் வைக்க நினைக்கும்போதுதான் சட்டம் மாறுகிறது. ஆகவே முதலில் அன்றன்றைக்குச் செய்து பழகுங்கள். எந்த இலை எவ்வளவு மணம் தரும் என்பது கைக்குப் பிடிபடட்டும்.

2. எண்ணெய் எதை ஏற்கும், எதை ஏற்காது

மணம் தரும் பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெயில் கரையும். மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் இறங்கும். ஆரஞ்சுத் தோலை விரலால் மடக்கி அழுத்தினால் பீறிட்டு வருகிறதே ஒரு சாறு, அதுவே ஓர் எண்ணெய். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற பொருள். அது ஆலிவ் எண்ணெயோடு உடனே கலந்துவிடும்.

புளிப்பும் உப்பும் எண்ணெயில் கரையா. எலுமிச்சைச் சாற்றை எண்ணெயில் பிழிந்தால் அது கீழே தனியாகத் தங்கும். எண்ணெய் புளிக்காது, கெடாமல் காக்கும் அமிலத்தன்மையும் அதற்கு வராது. ஊறுகாயில் எண்ணெய் ஊற்றுகிறோமே, அது கெடுவதில்லையே என்று கேட்பீர்கள். அங்கே காய் முழுக்க உப்பிலும் புளிப்பிலும் ஊறியிருக்கிறது. காப்பது அந்த உப்பும் புளிப்பும். எண்ணெய் மேலே மூடி மட்டுமே. உப்பும் புளிப்பும் இல்லாத பச்சை இலைக்கு அந்தக் காவல் கிடையாது. சாறு வேண்டுமானால் சாப்பிடும் நேரத்தில் தட்டில் பிழிந்துகொள்ளுங்கள். குப்பிக்குள் தோல் மட்டும் போகட்டும்.

3. ஈரம் ஏன் பகை என்று அறிந்து வேலை செய்யுங்கள்

மண்ணில் வாழும் ஒரு கிருமி உண்டு. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். அதன் வித்துகள் பூண்டிலும் இலையிலும் கிழங்கிலும் ஒட்டியிருக்கும். காற்றுப் படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். காற்று இல்லாமல், ஈரம் இருந்து, புளிப்பும் குறைவாக இருந்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு அந்த மூன்றையும் ஒருங்கே தருகிறது. எண்ணெய் காற்றை மறைக்கிறது, பூண்டு ஈரத்தைக் கொடுக்கிறது, புளிப்போ இல்லை. தண்ணீர் கொதிக்கும் சூட்டில் இந்த வித்துகள் சாவதில்லை. அவற்றை அழிக்க அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும்.

1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். குளிரூட்டாமல் வெளியே வைத்திருந்த, எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டுதான் காரணம். 1989-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் 3 பேருக்கு இதே கதி. அதன் பிறகு, எண்ணெயில் ஊறிய பூண்டை விற்பவர்கள் அதில் அமிலம் முதலிய காப்புப் பொருளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

இந்த நஞ்சுக்கு மணமோ சுவையோ கிடையாது. முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். அப்படி ஏதாவது வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

4. எண்ணெயைத் தேர்ந்து வாங்குங்கள்

ஆலிவ் எண்ணெய்க் குப்பியின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். எக்ஸ்ட்ரா வர்ஜின் என்றால் பழத்தை வேதிப்பொருள் சேர்க்காமல் ஆட்டி எடுத்தது. அதன் அமில அளவு 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. பாமஸ் என்றால் ஆட்டியெடுத்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்து, சுத்திகரித்தது. பொரிப்பதற்கு ஆகும். மண எண்ணெய்க்கு எக்ஸ்ட்ரா வர்ஜினையே வாங்குங்கள். மிகவும் கசந்து தொண்டையைப் பிடிக்கும் வகை தோலின் மணத்தை அமுக்கிவிடும், மென்மையானது போதும். குப்பி இருண்ட நிறமாகவும் அறுவடை செய்த தேதி அண்மையதாகவும் இருக்கட்டும்.

தேங்காயெண்ணெயிலும் செய்யலாம். கறிவேப்பிலைக்கும் இஞ்சிப்புல்லுக்கும் அதைப்போலப் பொருத்தமானது வேறில்லை. ஆனால் கலப்படத்தைக் கவனியுங்கள். 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை பல பெயர்களில் விற்ற தேங்காயெண்ணெய்களைக் கலப்படத்துக்காகத் தடை செய்தது. நல்ல கொப்பரையைக் கண்ணெதிரே ஆட்டித் தரும் செக்கில் வாங்குங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சுத்தமான தேங்காயெண்ணெய் முழுவதும் வெள்ளையாக உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் உறையாத ஓர் அடுக்கு தனியே நிற்கும். இந்தச் சோதனையை ஆலிவ் எண்ணெய்க்குச் செய்ய வேண்டாம். பழ வகைக்குத் தக்கபடி அது உறைவதும் கலங்குவதும் மாறும்.

5. தோலை அறிந்து சீவுங்கள்

மணம் இருப்பது தோலின் மேற்புறத்து நிறப் பகுதியில் மட்டுமே. அதன் கீழே உள்ள வெள்ளைச் சதை கசக்கும்; அதில் ஈரமும் அதிகம். காய் சீவும் கருவியால் மெல்லியதாக, நிறம் மட்டும் வரும்படி சீவுங்கள். வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் கத்தி முனையால் சுரண்டி எறியுங்கள்.

பளபளவென்று மின்னும் இறக்குமதி ஆரஞ்சின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்தும் சேர்ப்பதுண்டு. உள்ளே சுளையைத் தின்ன அது தடையில்லை. தோலையே பயன்படுத்தும் வேலைக்கு அந்தப் பழம் வேண்டாம். குடகிலிருந்து வரும் கமலா ஆரஞ்சு, வீட்டு மரத்து எலுமிச்சை, நார்த்தங்காய் இவை போதும். ஓணத்துக்கு ஊறுகாய் போடும் வடுகப்புளி நாரங்காயின் தோலில் நல்ல வீரியம் உண்டு. நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும் தோலுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. நீர்மோரில் கசக்கிப் போடுகிறோம்; வேப்பிலைக்கட்டி இடிக்கிறோம்; அதே இலையை உலர்த்தி எண்ணெயிலும் போடலாம்.

இஞ்சிப்புல்லை மறந்துவிடாதீர்கள். எலுமிச்சை மணத்துக்குக் காரணமான சிட்ரால் அதன் எண்ணெயில் 70 விழுக்காட்டுக்கு மேல் உண்டு. மலையாள நாட்டுப் புல் தைலம் கொச்சித் துறைமுகம் வழியாக உலகச் சந்தைக்குப் போன பொருள். இதற்கென்றே 1951-ல் எர்ணாகுளம் பக்கத்து ஓடக்காலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். தொட்டியில் ஒரு தூர் நட்டால் வீட்டுக்குப் போதும்.

6. இலையை நம் மண்ணில் தேடுங்கள்

புத்தகத்தில் பேசில் என்று போட்டிருந்தால் நம் திருநீற்றுப் பச்சிலையைப் பறியுங்கள். இரண்டும் ஒரே செடியினம். அதன் விதையைத்தான் சப்ஜா என்று சர்பத்தில் போடுகிறோம். ஆரிகனோ என்றிருந்தால் கற்பூரவள்ளி கைகொடுக்கும். இந்த ஊரில் பனிக்கூர்க்கை என்பார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தால் வாட்டிச் சாறு பிழியும் அதே இலை. ஆரிகனோவுக்கு மணம் தரும் கார்வக்ரால் இதிலும் உண்டு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அதன் இலை தடித்தது, நீர் நிறைந்தது, உலர நாளாகும். ரோஸ்மேரியும் தைமும் நீலகிரியில் பயிராகின்றன, உலர்ந்ததாகவே வாங்கிக்கொள்ளலாம்.

கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடும். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் இந்த ஊர்ச் சந்தைக் காய்கறிகளையும் இலைகளையும் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்திருக்கிறது. அதைத் தேடிப் படியுங்கள். இலையைப் புளித்தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். எல்லாவற்றையும்விட வீட்டு முற்றத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் வைப்பது மேல்.

7. உலர்த்துவதில் அவசரம் கூடாது

இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. அலசிய இலையை உதறி, துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை மின்விசிறியின் கீழ் வையுங்கள். பிறகு நிழலில் காயட்டும். நல்ல வெயிலில் இலையின் நிறமும் மணமும் போய்விடும். தோலை மட்டும் காலை வெயிலில் வைக்கலாம்.

திருவனந்தபுரத்துக் காற்று ஈரக்காற்று. ஜூனில் இடவப்பாதி மழை நம் தலையில்தான் முதலில் இறங்கும்; அது ஓய்ந்தால் அக்டோபரில் துலாமழை. இந்த மாதங்களில் காலையில் காய்ந்த இலை மாலையில் மறுபடி பதமாகிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உலர்த்த ஏற்ற காலம். மற்ற நாளில் ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவைச் சற்றே திறந்து வைத்து உலர்த்துங்கள். கறிவேப்பிலையானால் பொடி இடிக்க வறுப்பதுபோல, எண்ணெய் விடாத வாணலியில் சிறு தீயில் புரட்டுங்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இலை கையில் நொறுங்க வேண்டும். தோலை வளைத்தால் வளையாமல் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. உலர்ந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் குப்பியின் உள்ளே ஆவி படிந்திருந்தால் எடுத்து மறுபடி உலர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் எண்ணெயில் போடாதீர்கள்; ரசத்தில் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

8. கொஞ்சமாகச் செய்யுங்கள்

கால் லிட்டர் எண்ணெய் போதும். அதற்கு இரண்டு ஆரஞ்சின் உலர்ந்த தோல், ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த இலை. இதற்கு மேல் போட்டால் கசப்பு ஏறும். ஒரு தோல், ஓர் இலை என்று இணை சேருங்கள். ஆரஞ்சுத் தோலோடு திருநீற்றுப் பச்சிலை. எலுமிச்சைத் தோலோடு கற்பூரவள்ளி. நார்த்தை இலையோடு நாலைந்து மிளகு. தேங்காயெண்ணெயில் இஞ்சிப்புல்லும் கறிவேப்பிலையும். ஐந்தாறு மணங்களை ஒன்றாகத் திணித்தால் எதுவும் தனித்துத் தெரியாது.

2025-ல் தேங்காயெண்ணெய் லிட்டர் நானூறு ரூபாயைத் தாண்டியது. ஆலிவ் எண்ணெயும் விலை கூடிய பொருள். பழகும் காலத்தில் பெரிய அளவில் செய்து வீணாக்க வேண்டாம்.

9. தீயை அடக்கிவையுங்கள்

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சூடு ஈரத்தையும் விரட்டும், மணத்தையும் விரட்டும். அதனால்தான் ஈரத்தை அடுப்புக்கு வருமுன்பே போக்கிவிட வேண்டும் என்று சொன்னேன். அடுப்பில் மணத்தை இறக்கும் வேலை மட்டும் நடக்கட்டும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதன் மேல் எண்ணெய்ப் பாத்திரத்தை அமர்த்துங்கள். ஆவி எண்ணெய்க்குள் புகாதபடி மேல் பாத்திரம் விளிம்போடு பொருந்தி உட்கார வேண்டும், எண்ணெயை மூடிவையுங்கள். கீழே தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. விளிம்பில் சிறு குமிழி வந்தால் போதும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் எண்ணெய் 60 முதல் 70 டிகிரிக்குள் நிற்கும்படி பாருங்கள். இலையையும் தோலையும் போட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு, ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் வரும் வாசனை முழுக்க எண்ணெயில் இருக்க வேண்டியது.

மூடியைக் கழற்றும்போது அதன் உட்புறத்தில் நீர்த்துளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உலர்த்தியது போதவில்லை என்று பொருள். அந்த எண்ணெயை வடித்து ஃபிரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ ஆகட்டும். செம்பும் இரும்பும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க வைக்கும்.

10. தைலம் காய்ச்சுவோரிடம் பதம் கற்றுக்கொள்ளுங்கள்

நேரம் கிடைத்தால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஒன்றை முறைப்படி காய்ச்சிப் பாருங்கள். ஈரம் எப்படிப் போகிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் விரலாலும் அறிய அதைவிட நல்ல பாடம் இல்லை. இந்த ஊரில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி 1889-ல் பாடசாலையாகத் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. சாலைக் கடைத்தெருவில் மருந்துச் சரக்குக் கடைகள் இருக்கின்றன. கேட்டால் சொல்லித் தர ஆள் உண்டு.

நூல்கள் சொல்லும் பொது அளவு இது: கல்கம் எனப்படும் அரைத்த மருந்து ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறோ கஷாயமோ பதினாறு பங்கு. கேரளத்தில் எல்லா வைத்தியரும் கையாளும் ஸஹஸ்ரயோகத்தில் நீலிபிருங்காதி என்ற எண்ணெய் உண்டு. அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் இவற்றின் சாறும் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சுவது. அத்தனை நீரும் போய், எண்ணெய் மட்டும் மிஞ்ச வேண்டும்.

பதம் பார்க்கும் முறைகளைக் கவனியுங்கள். அடியில் தங்கும் கல்கத்தை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் சடசடக்காமல் எரிய வேண்டும். சத்தம் வந்தால் உள்ளே நீர் இருக்கிறது. எண்ணெயானால் பதம் நெருங்கும்போது நுரை எழும். நெய்யானால் நுரை அடங்கும். மெழுகுபோல இருந்த கல்கம் மணல்போல உதிரத் தொடங்கினால் இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. தலைக்கும் உடம்புக்கும் தேய்ப்பதற்கு அது ஆகும்.

நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். கடைசி ஈரம் போனதும் சட்டென்று ஏறிக் கருகிவிடும். ஆகவே கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

தலை எண்ணெயும் உணவு எண்ணெயும் வேறு வேறு. தலைக்குக் காய்ச்சியதை உணவில் சேர்க்காதீர்கள். எலுமிச்சைத் தோல் போட்ட உணவு எண்ணெயை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அந்தத் தோலில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கும்.

11. எதுவும் தங்காமல் வடித்துவிடுங்கள்

ஆறியதும் சுத்தமான, முற்றும் உலர்ந்த மெல்லிய துணியில் வடியுங்கள். இலையையோ தோலையோ அழகுக்காகக் குப்பிக்குள் விட்டுவைக்காதீர்கள். மணம் இறங்கிய பிறகு அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தால் கசப்பும் ஆபத்தும்தான். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம். தானாக வடிந்தது போதும். வடித்ததை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு மேல் எண்ணெயை மட்டும் இறுத்தெடுங்கள்.

12. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய்: தொடங்குவோர் இவற்றைக் குப்பியில் அடைக்கக்கூடாது

பூண்டின் மணம் வேண்டுமானால் அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீருங்கள். மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடியுங்கள்; இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். சின்ன வெங்காயம், இஞ்சி, காந்தாரி, பச்சைக் கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் இதே சட்டம்.

அமெரிக்காவில் ஐடஹோ, வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டிருக்கின்றன. பூண்டு, பேசில், ஆரிகனோ, ரோஸ்மேரி ஆகியவற்றை 3 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்த பிறகு எண்ணெயில் சேர்ப்பது. சோதித்துப் பார்த்தது அந்தப் பொருள்களுக்கு மட்டுமே. அதைப் படித்துவிட்டு கறிவேப்பிலைக்கும் கற்பூரவள்ளிக்கும் நீங்களே கணக்குப் போடாதீர்கள். இலையின் தடிப்பும் அளவும் மாறினால் அமிலம் உள்ளே இறங்கும் நேரமும் மாறும்.

இத்தாலியில் அப்ருட்சோ பக்கத்தில் ஆலிவ் பழத்தோடு முழு எலுமிச்சையையும் போட்டு ஒன்றாக ஆட்டி, எண்ணெயை நீரிலிருந்து பிரித்தெடுப்பார்கள். அங்கேயும் கடைசியில் குப்பிக்குள் போவது எண்ணெய் மட்டுமே.

13. குப்பியும் வெளிச்சமும் தேதியும்

குப்பியை வெந்நீரில் கழுவி, கவிழ்த்து, முழுக்க உலரவிடுங்கள். கழுத்தில் ஒரு துளி நீரும் இருக்கக்கூடாது. வெளிச்சம் எண்ணெயைக் கெடுக்கும். பழுப்பு நிறக் குப்பி நல்லது. இல்லையென்றால் காகிதம் சுற்றி வையுங்கள். ஜன்னல் ஓரமும் அடுப்புப் பக்கமும் ஆகாது.

உலர்ந்த இலையில் செய்து வடித்த எண்ணெயையும் ஃபிரிட்ஜிலேயே வைத்து, ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். தோலின் மணம் காற்றுப்பட்டு நாளாக ஆகப் பழைய வாடையாக மாறும். அதற்கு முன் தீருவதே நல்லது. ஃபிரிட்ஜில் ஆலிவ் எண்ணெய் கலங்கலாம், தேங்காயெண்ணெய் கட்டியாகும். பயப்பட ஒன்றுமில்லை. சற்று நேரம் வெளியே வைத்தால் தெளியும். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். என்ன எண்ணெய், என்ன இலை, எந்த நாளில் செய்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் குப்பியில் ஒட்டுங்கள். ஒட்டாத குப்பியை நம்பாதீர்கள்.

14. சாப்பாட்டில் கடைசியாகச் சேருங்கள்

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய மணத்தை வாணலியில் புகைய வைக்க வேண்டாம். சமைத்து இறக்கிய பிறகு ஊற்றுங்கள். வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கும் வேகவைத்த பயறுக்கும் எலுமிச்சைத் தோல் எண்ணெய் பொருந்தும். சுட்ட மீனின் மேல் நார்த்தை இலை எண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். இட்லிப் பொடியை இஞ்சிப்புல் மணக்கும் தேங்காயெண்ணெயில் குழையுங்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் பீட்ரூட்டுக்கு நன்றாக இருக்கும்.

15. பிறருக்குக் கொடுக்கும்போது பொறுப்பும் சேர்ந்து போகட்டும்

பரிசாகக் கொடுத்தால், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், இன்ன தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்று வாயாலும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். பச்சை இலையோ பூண்டோ போட்டதை யாருக்கும் குப்பியில் கொடுக்காதீர்கள். விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, எண்ணெயைச் சோதனைக்குக் கொடுத்து, அதன் பிறகே விலை எழுதுங்கள். இந்த ஊரில் குடும்பஸ்ரீ பெண்கள் 1998 முதல் சிறு தொழில் நடத்திப் பழகியவர்கள். உரிமம், சீட்டு, சோதனை பற்றி அவர்களிடம் கேளுங்கள்.

16. கடைசியாக

இதையெல்லாம் படித்துப் பயந்துவிடாதீர்கள், மக்களே. பயப்படுபவர்களால் சமைக்கவே முடியாது. தெரிந்து செய்தால் இது சுகமான வேலை. கையெல்லாம் நார்த்தை மணக்கும். இலை நொறுங்கட்டும், தோல் முறியட்டும், குப்பி உலரட்டும். பிறகு எண்ணெயைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். கால் லிட்டர் எண்ணெயை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம். சாப்பிடுகிறவர்களின் உடம்புதான் பெரிது.